குழந்தைக்கு ஆபத்து இல்லை

ஜாய்ஸ் வேலைக்கு உட்காரும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுவாள். அடர்நீலச் சுடிதார். பின்னால் சுவரில் பூவோ கோடோ இல்லாத சாம்பல் நிறத் துணி. திரையில் அவளைப் பார்ப்பவர்களுக்கு அவளுடைய கைகளும் முகமும் தெளிவாகத் தெரிந்தால் போதும். அவர்கள் எல்லாரும் காது கேளாதவர்கள்.

அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். கோயம்புத்தூரில் இருக்கும் ஓர் அறக்கட்டளைக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கோ பேங்குக்கோ போன காது கேளாதவர் செல்போனில் வீடியோ கால் போடுவார். டாக்டர் பேசுவதைக் கேட்டு ஜாய்ஸ் கைகளால் சொல்வாள். அவர் கைகளால் சொல்வதைப் பார்த்து டாக்டரிடம் வாயால் சொல்வாள். படித்து வாங்கிய சான்றிதழ் இருந்தது. ஆனால் அந்த மொழி அவளுக்குப் படித்து வந்ததில்லை. ராயப்பன்பட்டியில் அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது. 'பசிக்குது' என்று அவள் முதன்முதலில் சொன்னது கையால்தான்.

தங்கப்பாண்டியனைக் கட்டிக்கொண்டு அவள் வந்த வீடு கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. இன்டர்நெட் கேபிள் ரோட்டோடு நின்றுவிட்டது. உள்ளே இழுக்கப் பதினோரு கம்பம் நட வேண்டும். நாலு பேர் தோட்டத்தைத் தாண்ட வேண்டும். அதில் இரண்டு பேர் வாய்க்கால் தகராறில் தங்கப்பாண்டியன் முகத்தையே பார்ப்பதில்லை. இரண்டு வயது மகளை விட்டுவிட்டு தேனிக்கோ உத்தமபாளையத்துக்கோ தினம் போய்வரவும் வழியில்லை. ஆகவே வயர் இல்லாத பிராட்பேண்ட் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அன்றைக்கே பதிவு செய்தாள்.

பங்குனியில் வந்து மாட்டிக் கொடுத்தவன் சுருளிவேல். அந்தப் பக்கம் முழுக்கக் கம்பெனிக்கு அவன் ஒருவன்தான். மொட்டைமாடியில் கம்பி நட்டு, அதில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கோம்பை டவரைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.

“இங்கனயிருந்து டவர் நேரா தெரியுதுக்கா. நடுவுல ஒரு மரம் மறைக்கல. ராஜா மாதிரி வரும் பாருங்க.”

அப்படித்தான் வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் ஒரு தடங்கல் இல்லை. பாண்டீஸ்வரி அவளுக்குப் பழக்கமானதும் அந்த மாதங்களில்தான்.

பாண்டீஸ்வரி விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். இருபத்தாறு வயது. அவளுக்கும் காது கேட்காது, அவள் கணவனுக்கும் கேட்காது. ஐந்தாவது வரை சாதாரணப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் கையால் பேசாத வகுப்பில் அவளுக்கு எழுத்து ஏறவில்லை. தன் பெயரை எழுதுவாள், பஸ்ஸின் ஊர்ப் பலகையை அடையாளம் கண்டுகொள்வாள், அவ்வளவுதான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். மாதாமாதம் பரிசோதனைக்குப் போகும்போது ஜாய்ஸையே கேட்டு வாங்குவாள். டாக்டர் வருவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில், கணவனுடைய சித்தி வைக்கும் ரசம் எப்படி வாயில் வைக்க முடியாததாக இருக்கிறது என்று முகத்தைக் கோணிக் காட்டுவாள். சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவளுக்குச் சாப்பாடு, தண்ணீர், வலி என்கிற அளவுக்குத்தான் சைகை தெரியும். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது தெரியாமல் அவளும் சிரிப்பாள்.

“பிரசவத்தப்ப நீ இருக்கணும்” என்று பாண்டீஸ்வரி ஒருநாள் கைகளால் சொன்னாள். “எப்ப வலி வந்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவேன்.”

“இருப்பேன்” என்றாள் ஜாய்ஸ்.

ஆனி பிறந்து மலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கியதும் தொந்தரவு ஆரம்பித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே ரவுட்டரில் பச்சை விளக்கு ஆரஞ்சாகும். படம் திக்கும். சில நேரம் ஒரு நிமிஷம், சில நேரம் பத்து நிமிஷம். பேங்க் கால் என்றால் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஜாய்ஸ் மூன்று தடவை புகார் பதிந்தாள். மூன்று தடவையும் சுருளிவேல் மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்தான். அவன் வருகிற நேரத்தில் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. மாடியேறிப் பெட்டியை அசைத்துப் பார்த்தான், திருகாணியை முடுக்கினான், செல்போனில் வேகத்தைச் சோதித்துக் காட்டினான்.

“நூறுக்கு மேல வருதேக்கா.”

“நீ வந்தா வருது தம்பி. நீ போனா போயிருது.”

அவன் சங்கடமாகச் சிரித்தான். அவன் கேட்டைத் தாண்டும் முன்பே அவளுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும்: தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் முதலில் மெஷின் பேசும். ஒன்றை அமுக்கி, மூன்றை அமுக்கி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் வருவாள். “சிரமத்துக்கு மன்னிக்கணும் மேம். இப்ப உங்க லைன் ஆக்டிவ்னுதான் காட்டுது. ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்றீங்களா?” ஜாய்ஸ் பண்ணுவாள். அதற்குள் அதுவே சரியாகியிருக்கும்.

ஆடி பதினொன்றாம் தேதி காலை பத்தே முக்காலுக்குப் பாண்டீஸ்வரியின் கால் வந்தது. பிரசவ வார்டில் படுத்திருந்தாள். நெற்றி முழுக்க வேர்வை. போனைச் சித்தி பிடித்திருந்தாள், படம் ஆடிக்கொண்டே இருந்தது. கணவனை உள்ளே விடவில்லை.

“வலிக்குது. காலையில இருந்து வலிக்குது. எல்லாரும் வாயை அசைக்கிறாங்க, ஒண்ணும் புரியல” என்றாள் பாண்டீஸ்வரி. ஒரு கையில் ஊசி குத்தியிருந்ததால் ஒற்றைக் கையால்தான் பேசினாள்.

“நான் இருக்கேன். டாக்டர்கிட்ட கேக்குறேன்.”

லேடி டாக்டர் வந்தார். அவசரத்திலும் பொறுமையாகத்தான் பேசினார். “மேடம், அவங்ககிட்ட சொல்லுங்க. குழந்தையோட இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்குது. இதுக்கு மேல சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா குழந்தைக்கு ஆபத்து இல்ல. பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க.”

ஜாய்ஸ் முதலில் சொல்ல நினைத்தது பயத்தைப் போக்கும் பகுதியை. இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டிலாட்டினாள்: குழந்தை. அடுத்து ஆபத்து என்பதற்கான கை. அடுத்து, விரித்த உள்ளங்கையை அசைத்து: இல்லை. சைகையில் மறுப்பு கடைசியில்தான் வரும். அது முடிந்து, 'ஆனால் இப்பவே' என்று தொடங்கும்போது பாண்டீஸ்வரியின் படம் அப்படியே நின்றது. ரவுட்டரில் ஆரஞ்சு.

ஜாய்ஸ் நிறுத்தாமல் கையை அசைத்துக்கொண்டே இருந்தாள். தன் படம் போகிறதோ என்னவோ என்று ஒரு நம்பிக்கை. கட்டிலருகே நின்ற நர்ஸின் குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது.

“மேடம், படம் நின்னுருச்சு. உங்க சத்தம் கேக்குது. என்னன்னு சொல்லுங்க.”

சத்தம் போகிறது. அந்தச் சத்தம் யாருக்கு வேண்டுமோ அவளைத் தவிர எல்லாருக்கும் கேட்கிறது. ஜாய்ஸ் லேப்டாப்பின் மேல் குனிந்து கத்தினாள். “சிஸ்டர், நான் சொல்றபடி கையைக் காட்டுங்க. ரெண்டு கையையும் சேர்த்து, குழந்தையை ஆட்டுற மாதிரி. காட்டிட்டீகளா?”

“ஆட்டுற மாதிரியா? இப்படியா? பாத்துட்டா மேடம். அப்புறம்?”

“அப்புறம் கட்டை விரலை நல்லா தூக்கி, சிரிச்ச முகமா...”

“கேக்கல மேடம். ஹலோ? குழந்தைன்னு காட்டிட்டேன். அடுத்து என்ன? ஹலோ?”

“சிரிங்க சிஸ்டர்! அவளைப் பாத்துச் சிரிங்க!”

விளக்கு சிவப்பானது. கால் அறுந்துபோனது.

ரவுட்டரை அணைத்துப் போட்டாள். சிவப்பு. செல்போனை எடுத்து ஹாட்ஸ்பாட் போட்டாள். அதற்கும் அதே டவர்தான், ஒற்றைக் கோடு வருவதும் போவதுமாக இருந்தது. வெறுங்காலோடு வெளியே ஓடினாள். தங்கப்பாண்டியன் மகளைப் பந்தல் நிழலில் உட்கார வைத்துவிட்டுத் திராட்சைக் கொடிகளை வெட்டிக் கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தான்.

“வண்டிய எடுங்க! சிக்னல் இருக்கிற இடத்துக்குப் போகணும். எடுங்கன்னா!”

அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, மகளைத் தூக்கி பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்த்திக்கொண்டான். காற்று புழுதியை வாரி அடித்தது. கோம்பைக்குள் நுழைந்தும் கோடு ஏறவில்லை. “இன்னும் போங்க, இன்னும் போங்க” என்று அவன் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். உத்தமபாளையம் ரோட்டில் பாதி தூரம் வந்து, ஒரு எடைமேடைக்குப் பக்கத்தில்தான் போன் முழுதாக உயிர் பெற்றது.

பாண்டீஸ்வரி நம்பர் மணி அடித்தது. எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். அறக்கட்டளை அலுவலகத்தின் பொறுப்பாளர் சொர்ணலதாவைக் கூப்பிட்டாள்.

“கால் கட்டாகி இருபத்தாறு நிமிஷம் ஆச்சு ஜாய்ஸ்” என்றாள் சொர்ணலதா. “மத்த ரெண்டு பேரும் வேற கால்ல மாட்டிக்கிட்டாங்க. ஒருத்தி ஃப்ரீயாகி உடனே போட்டா. யாரும் எடுக்கல. உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க.”

ஜாய்ஸ் எடைமேடைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேங்காய் லாரி ஒன்று மேடையில் ஏறி நின்று, சீட்டு வாங்கி, இறங்கிப் போனது. தங்கப்பாண்டியன் மகளை இடுப்பில் வைத்தபடி பக்கத்தில் நின்றான்.

“டாக்டர்மாருக இருக்காகல்ல. அவுக பாத்துக்கிருவாக” என்றான்.

“அவுக குழந்தையப் பாத்துக்கிருவாக. அவகிட்ட யாரு சொல்லுவாக?”

அவன் போய் வண்டியைத் திருப்பினான். வீடு திரும்பியபோது ரவுட்டரில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் பாண்டீஸ்வரியின் கால் வந்தது. தானாகவே கூப்பிட்டாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. ஜாய்ஸ் கேட்பதற்கு முன்பே, “பொம்பளைப் பிள்ளை. நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டாள். மூச்சுத் திணறல் இருந்ததால் குழந்தையைத் தனிப் பிரிவில் வைத்திருக்கிறார்களாம், நாளைக்குக் கையில் கொடுத்துவிடுவார்களாம். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். பாண்டீஸ்வரி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். இப்போது இரண்டு கையும் விடுபட்டிருந்தன.

“நீ கடைசியா என்ன சொன்ன, தெரியுமா?”

“குழந்தைக்கு ஆபத்து இல்லைன்னு சொன்னேன்.”

இல்லையென்று பாண்டீஸ்வரி தலையை ஆட்டினாள். “எனக்கு அப்படி வரல. நீ குழந்தைன்னு சொன்ன. படம் திக்கித் தாவுச்சு. அப்புறம் இல்லைன்னு கையை விரிச்ச. அப்படியே நின்னுட்ட. அசையவே இல்ல.”

ஜாய்ஸின் கைகள் மடியில் விழுந்தன. நடுவில் இருந்த ஒரு சொல் மட்டும் போய்ச் சேரவில்லை.

“நான் உன்னையே பாத்துட்டு இருந்தேன்” என்றாள் பாண்டீஸ்வரி. “கண்ணு கலங்கின மாதிரி இருந்த. நர்ஸைப் பாத்தேன். அவளும் குழந்தைன்னு காட்டினா. அப்புறம் கை அப்படியே நின்னுருச்சு, அவ முகமும் பயந்து போச்சு. சரி, செத்துப்போச்சு, அதைத்தான் இவங்க சொல்லத் தயங்குறாங்கன்னு நினைச்சேன். வண்டியில தள்ளிட்டுப் போனாங்க. செத்த குழந்தையை எதுக்கு வயித்தைக் கிழிச்சு எடுக்கணும்னு நான் உதைச்சேன். நாலு பேர் பிடிச்சாங்க.”

மயக்கம் தெளிந்தபின் குழந்தை எங்கே என்று கேட்டிருக்கிறாள். ஒரு ஆயா விரலை மேலே காட்டினாள். பச்சைக் குழந்தைகளுக்கான பிரிவு மேல்மாடியில் இருந்தது. பாண்டீஸ்வரி அதையும் வேறு விதமாகத்தான் புரிந்துகொண்டாள். மறுநாள் காலையில் கணவனை உள்ளே விட்டபோது, அவன் செல்போனில் குழந்தையின் படத்தைக் காட்டினான். வேறு யாருடைய குழந்தையையோ காட்டுகிறான் என்று அவள் அந்தப் போனைத் தட்டிவிட்டாள். அவன் கீழே உட்கார்ந்து போனைப் பொறுக்கி எடுத்து, குழந்தையின் காலில் கட்டியிருந்த அட்டையைப் பெரிதாக்கிக் காட்டினான். அதில் அவள் பெயர் இருந்தது. அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே பெயர்.

“உன் மேல கோபம் இல்ல” என்றாள். “ஆனா உன் முகத்தைப் பாத்தா அந்த நேரம் ஞாபகம் வந்துருது. தடுப்பூசிக்கு வேற ஆளைக் கேக்கட்டுமா? தப்பா நினைக்காதே.”

“தப்பா நினைக்கல. கேளு” என்று ஜாய்ஸ் சொன்னாள். அந்தக் கால் முழுக்கப் படம் ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

அன்றைக்கே நாலாவது புகாரைப் பதிந்தாள். தேதி, மணி, நடந்தது எல்லாவற்றையும் எழுதினாள். போனில் வந்த பெண் கேட்டுவிட்டு, “ரொம்ப வருத்தமா இருக்கு மேம்” என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்ட குரல்தான். கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. “ஆனா மேம், நீங்க சொல்ற தேதியில உங்க ஏரியாவில எந்தத் தடங்கலும் பதிவாகல.”

“நான் சொல்றேனேம்மா, நடந்துச்சு.”

“சிஸ்டத்துல இல்ல மேம். சிஸ்டத்துல இருந்தாதான் நான் மேல அனுப்ப முடியும்.”

சுருளிவேல் வந்தான். மாடிக்குப் போகவில்லை. வண்டியிலிருந்து இறங்கியவன் படியிலேயே நின்று, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

“உங்ககிட்ட மறைக்க என்ன இருக்குக்கா. காத்தடிச்சா டவர் பக்கம் கரண்டு போகுது. கரண்டு போனா டவர்ல பேட்டரி நிக்க மாட்டேங்குது. அந்த டவர் எங்களது இல்ல, வேற கம்பெனியோடது. அவுககிட்ட கேட்டா, எங்க ஆபீஸ் எழுதிக் கேக்கணும்கிறாக. எங்க ஆபீஸ்ல சொன்னா, புகார் வந்தா எழுதுவோம்கிறாக.”

“அதான் நாலு புகார் குடுத்திருக்கேனே.”

அவன் செல்போனைத் திருப்பிக் காட்டினான். புகாரை முடிக்க அதில் நாலு காரணங்கள் இருந்தன. பெட்டி திரும்பியிருந்தது. வயர் பழுது. ரவுட்டர் பழுது. வாடிக்கையாளர் இடத்தில் கோளாறு இல்லை. “டவர்ல பேட்டரி இல்லைங்கிறதுக்கு இதுல இடமே இல்லக்கா. நான் எதையாச்சும் ஒண்ண அமுக்கித்தான் ஆகணும். அமுக்கலைன்னா சாயங்காலத்துக்குள்ள எனக்குப் போன் வந்துரும்.”

“எதை அமுக்குவ?”

“கோளாறு இல்லங்கிறதைத்தான்” என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவனைத் திட்ட ஜாய்ஸுக்கு வாய் வரவில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டாள். வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனான். கேட் சாத்தும் சத்தமும் குறுஞ்செய்தி வந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

சொர்ணலதா அவளை மருத்துவக் கால்களிலிருந்து எடுத்துவிட்டாள். பேங்க், ஆதார், பஸ் பாஸ் இவை மட்டும் வந்தன. ஜாய்ஸுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. சரியாக ஒன்பது நாள். பத்தாம் நாள் சொர்ணலதா கூப்பிட்டாள்.

“உன் லைனை இங்கிருந்து டெஸ்ட் பண்ணோம். எல்லாமே பாஸ். உன்னைத் திரும்ப லிஸ்ட்ல சேக்குறேன்.”

“வேண்டாம்க்கா. அது டெஸ்டுல எப்பவும் பாஸாகும். ஆடி முடியட்டும். மறுபடியும் நின்னுட்டா?”

சொர்ணலதா பெருமூச்சு விட்டாள். “ஒருத்தி லீவு. மிச்சம் இருக்கிறது ஒருத்திதான். இன்னிக்குக் காலையில பன்னெண்டு பேர் ஆஸ்பத்திரியில உக்காந்து வரிசையில காத்திருந்தாங்க. அதுல நாலு பேர் காத்துப் பாத்துட்டு, டாக்டர் என்ன சொன்னாருன்னே தெரியாம மாத்திரையை வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீ நின்னுட்டா ஒரு கால் போகும். நீ இல்லைன்னா எல்லாமே போகுது. நான் என்ன செய்யட்டும், சொல்லு.”

ஜாய்ஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. “சரிக்கா” என்றாள்.

மறுநாள் முதல் வீடியோ கால் ஒரு வயதான மனிதருடையது. சர்க்கரையால் காலில் புண். சைகை மொழி நன்றாகத் தெரிந்தவர். டாக்டர் இன்னும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஜாய்ஸ் கைகளை மார்புக்கு நேராக உயர்த்தினாள். வழக்கமாகப் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவாள். இன்றைக்கு அதற்கு முன் வேறொன்றைச் சொன்னாள்.

“ஐயா, என் வீட்டுல இன்டர்நெட் சரியில்ல. எப்ப வேணும்னாலும் நிக்கும். நான் அசையாம நின்னுட்டா, கடைசியா பாத்ததை நம்பாதீங்க.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். “அப்ப எதை நம்புறது?”

அதற்குள் டாக்டர் அவர் காலைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்திருந்தார். ஜாய்ஸ் ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைக்கும்வரை காத்திருந்து, சொல்லத் தொடங்கினாள்.